எடுத்த எடுப்பில் எவ்வளவு?

மயிலாப்பூர் மாட வீதியில் நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை வாங்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஆசைப்பட்ட பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இது என்ன விலை?" என்று கேட்கிறவருக்கு ஒரு விலை. வேறு எதையோ பார்த்துக்கொண்டு, போகிற போக்கில், "அது எப்படி?" என்று கேட்கிறவருக்கு வேறு விலை. பொம்மை ஒன்றுதான், கேட்ட விதம்தான் வேறு. பேரத்தில் பாதி, வாயைத் திறந்த அந்த முதல் விநாடியிலேயே முடிந்துவிடுகிறது.

இந்தச் சின்ன உண்மையின் மேல் ஒரு சீட்டாட்டமே கட்டப்பட்டிருக்கிறது. அதன் பெயர் போக்கர்.

உடனே பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். "குடும்பப் பத்திரிகையில் சூதாட்டமா?" என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடவும் வேண்டாம். உங்களை நான் சூதாட அழைக்கவில்லை. எங்கள் வீட்டில் இந்த ஆட்டம் புளியங்கொட்டை வைத்துத்தான் நடக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ரூபாய் வைத்து ஒருவன் ஆடினான். அதன் பலன் அடகுக் கடை வரையில் போயிற்று. அதனால்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. படித்ததை உங்களிடம் சொல்லவும் தோன்றியது.

போக்கரில் பல ரகம் உண்டு. இப்போது உலகமெங்கும் அதிகமாக ஆடப்படுவது 'டெக்ஸாஸ் ஹோல்டம்'. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலுள்ள ராப்ஸ்டவுன் என்ற சிற்றூர்தான் அதன் ஜன்ம பூமி என்று 2007-ல் அந்த மாகாணச் சட்டசபையே தீர்மானம் போட்டிருக்கிறது. அங்கே பிறந்து, லாஸ் வேகாஸ் நகரத்தில் வளர்ந்து பெரிய மனுஷியாகிவிட்டது. 1970-ல் அந்த ஊரில் 'பின்னியன்ஸ் ஹார்ஸ்ஷூ' என்ற விடுதியில் 'உலகத் தொடர்' போட்டி ஆரம்பமாயிற்று. 2003-ஆம் வருஷத்துப் பெரிய பந்தயத்தில் 839 பேர் கலந்துகொண்டார்கள். ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போனவர் டென்னஸி மாகாணத்துக் கணக்கர் ஒருவர். இன்டர்நெட்டில் சொற்பப் பணம் கட்டி ஆடி அந்தப் பந்தயத்துக்கு இடம் பிடித்தவர். அவருடைய குடும்பப் பெயர் என்ன தெரியுமோ? மணிமேக்கர்! கதையில் இப்படி ஒரு பெயர் வைத்தால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் அது அவருடைய சொந்தப் பெயர்தான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உலகத்தில் எத்தனையோ இளைஞர்கள் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆட்டம் என்னவோ எளிதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. பிறகு மேஜை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரிப்பார்கள்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஏழு சீட்டிலிருந்து மிக உயர்ந்த ஐந்தை யார் சேர்க்கிறாரோ அவருக்கு நடுவிலுள்ள குவியல். முதல் மூன்று சீட்டு விழுவதற்கு 'ஃபிளாப்' என்று பெயர். நான் சொல்ல வந்த சமாசாரம் ஃபிளாப்புக்கும் முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது.

சும்மா விட்டால், நல்ல சீட்டு வரும்வரையில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள் அல்லவா? அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாகப் பந்தயம் வைக்க வேண்டும். ஒருவர் 1 கொட்டை, அடுத்தவர் 2 கொட்டை. (கணக்குக்கு ரூபாய் வேண்டாம், புளியங்கொட்டையே போதும்.) இவற்றுக்குச் சின்ன பிளைண்டு, பெரிய பிளைண்டு என்று பெயர். கல்யாண வீட்டு மாடியில் மூணு சீட்டு ஆடியவர்களுக்கு 'பிளைண்டு' புது வார்த்தை அல்ல. இந்தப் பாரம் ஒவ்வொரு கையிலும் ஒரு ஆள் தள்ளி நகர்ந்துகொண்டே போகும்.

மற்றவர்கள் வரிசையாகப் பேசுகிறார்கள். சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். 2 கொட்டை கட்டி உள்ளே வரலாம். அல்லது தொகையை உயர்த்தலாம். இந்த முதல் உயர்த்தலுக்கு 'ரெய்ஸ்' என்று பெயர். எவ்வளவு உயர்த்துவது? 4 கொட்டையா, 6 கொட்டையா, 12 கொட்டையா? கேள்வி இவ்வளவுதான்.

"நல்ல சீட்டு வந்தால் நிறைய, சுமாரான சீட்டு வந்தால் கொஞ்சம். இதற்கு ஒரு கட்டுரையா?" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

52 சீட்டிலிருந்து இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். அவற்றில் உச்சம் இரண்டு ஏஸ். சராசரியாக 221 தடவைக்கு ஒரு தடவைதான் அந்த தரிசனம் கிடைக்கும். ஏஸ் ஜோடியோடு நீங்கள் கடைசி வரையில் நின்று, எதிரே ஒரே ஒருவர் ஏதோ இரண்டு சீட்டுடன் நின்றால், 100-க்கு 85 தடவை உங்களுக்கே ஜெயம். இரண்டு பேர் நின்றால் 73. நாலு பேர் நின்றால் 56. எட்டுப் பேரும் நின்றால் 35 தான்! யானைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான். ஆகவே, கேட்கிற தொகை கூட்டத்தைக் கலைக்கிற அளவுக்காவது இருக்க வேண்டும்.

அதற்காக எடுத்த எடுப்பில் 40 கொட்டை என்றால்? கூட்டம் மட்டுமா கலையும், மேஜையே காலியாகிவிடும்! 221 தடவை காத்திருந்து வந்த சீட்டுக்கு, நடுவில் கிடந்த 3 கொட்டைதான் பரிசு.

இன்னொரு பக்கம் பாருங்கள். உங்கள் சீட்டு பிரமாதமாக இல்லை. ஆனால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள் என்று தோன்றுகிறது. நடுவில் 3 கொட்டை கிடக்கிறது. அதை எடுக்க 6 கொட்டை வைத்தால், மூன்று தடவையில் இரண்டு தடவை எல்லாரும் ஒதுங்கினால்தான் கைப்பணம் தேறும். 4 கொட்டை வைத்தால் 7 தடவையில் 4 தடவை ஒதுங்கினாலே போதும். குறைவாகக் கேட்பதில் இந்த லாபம் இருக்கிறது. ஆனால் பெரிய பிளைண்டு வைத்திருப்பவரையும் யோசிக்க வேண்டும். அவர் ஏற்கெனவே 2 கொட்டை வைத்துவிட்டார். நீங்கள் 4 என்றால் அவர் இன்னும் 2 தந்தால் போதும். நடுவிலுள்ள 7 கொட்டைக்கு அவர் போட்டியாளர். பின்னால் வரும் பந்தயங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 100-க்கு 22 தடவை ஜெயித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. நீங்கள் 6 என்றால் அவர் 4 தர வேண்டும். 31 தடவையாவது ஜெயிக்க வேண்டும். மலிவாக விற்றால் வாங்குகிறவர் அதிகம். அதில் ஆச்சரியம் என்ன?

4-க்கும் 6-க்கும் வித்தியாசம் 2 கொட்டைதானே என்று அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். இது வட்டிக்கு வட்டி மாதிரி வளருகிற கணக்கு. 4 கொட்டை கேட்டு, பெரிய பிளைண்டுக்காரர் மட்டும் வந்தால், நடுவில் 9 கொட்டை சேரும். 6 கேட்டு அவர் வந்தால் 13. இதற்கப்புறம் மூன்று கட்டமாகப் பந்தயம் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் இருக்கிற அளவுக்கே பந்தயம் வைத்து, மற்றவரும் ஈடு கொடுத்தால், குவியல் ஒவ்வொரு தடவையும் மூன்று மடங்காகும். 9 என்பது 27, 81, 243 ஆகிறது. 13 என்பது 39, 117, 351 ஆகிறது. ஆரம்பத்தில் 4 கொட்டை வித்தியாசம்; முடிவில் 108 கொட்டை வித்தியாசம்! வீட்டுக் கடன் வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, தொகையை எதைப் பார்த்துத் தீர்மானிப்பது?

முதலாவது, உட்கார்ந்திருக்கும் இடம். கடைசியில் பேசுகிறவருக்கு மற்றவர்கள் செய்ததெல்லாம் தெரியும்; ஆகவே பெரிய பிளைண்டைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு போதும். சின்ன பிளைண்டில் இருப்பவர் ஃபிளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் முதலில் பேச வேண்டியவர். எதிராளிக்கு மலிவு விலையில் இடம் கொடுக்கக்கூடாது என்று மூன்று மடங்கு கேட்பார். இரண்டாவது, மேஜையில் மீந்திருக்கும் கொட்டை. 200 கொட்டை உள்ளவர் 5 அல்லது 6 கேட்கலாம். 40 கொட்டை மட்டும் இருந்தால் 4 போதும். 20 தான் இருக்கிறதென்றால், மொத்தத்தையும் ஒரேயடியாக வைப்பது அல்லது ஒதுங்குவது. ஏனென்றால் அதில் 6 வைத்துவிட்டுப் பின்வாங்கினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சொத்து போயிற்று. மூன்றாவது, உங்களுக்கு முன்னால் யாராவது வெறும் 2 கட்டி உள்ளே வந்திருந்தால், ஆளுக்கு 2 கொட்டை கூட்டிக் கேட்பது வழக்கம். நாலாவது, எதிரே இருக்கும் மனிதர்கள். லாஸ் வேகாஸில் 1 டாலர், 2 டாலர் பிளைண்டு மேஜைகளில் உல்லாசப் பிரயாணிகள் எதற்கும் ஒதுங்கமாட்டார்கள். அங்கே 10, 15 டாலர் என்று கேட்பது சர்வசாதாரணம். போட்டிகளில் கைதேர்ந்தவர்கள் சேர்ந்து ஆடும்போது, ஒரு காலத்தில் மூன்று, நாலு மடங்கு என்று இருந்தது. இப்போது இரண்டு, இரண்டேகால் என்று சுருங்கிவிட்டது.

இந்த ஜாபிதாவில் ஒன்று விட்டுப்போயிருப்பதைக் கவனித்தீர்களா? உங்கள் கையிலிருக்கும் சீட்டு! ஆடுவதா, ஒதுங்குவதா என்பதைத்தான் சீட்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆடுவது என்று ஆனபின் தொகையைச் சீட்டிடம் கேட்கக்கூடாது. ஏஸ் ஜோடிக்கும் அதே 5. ஏதோ சுமாரான சீட்டுக்கும் அதே 5. ஏன் என்பதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குச் சரியென்று பட்டது. ஆனால் மனத்தில் பதிந்தது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான்.

என் மனைவியின் தம்பிக்கு 26 வயது. கோயம்புத்தூரில் நல்ல உத்தியோகம். ராத்திரி வேளைகளில் போனில் போக்கர் ஆடி, 1,40,000 ரூபாய் கடனாளியாகிவிட்டான். இது எனக்குத் தெரிந்த தினத்தில் என் மனைவியின் கையில் இரண்டு வளையல் குறைந்திருந்தது. "கோபப்படாமல் கேளுங்க. தம்பி தவித்துக்கொண்டிருந்தான்" என்றாள். கோபப்படுவதற்கு என்ன இருக்கிறது? வளையல் அவளுடையது, தம்பியும் அவளுடையவன்.

லீவில் வந்திருந்த அவனிடம் நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "எப்படியப்பா தோற்றாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"சீட்டு ராசியே இல்லை, அத்தான். ஏஸ் ஜோடி வந்தால் எல்லாரும் ஓடிவிடுகிறார்கள். மட்டமான சீட்டு வந்தால் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். விதி என்றுதான் சொல்ல வேண்டும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா புளி உடைத்து முடித்திருந்தாள். ஆளுக்கு 200 கொட்டை எண்ணி வைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு வயது 71. எது உசத்தி, எது தாழ்த்தி என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கண்ணாடிக் கூட்டின் கீழ் செருகிக்கொண்டு ஆடினாள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மைத்துனன் 12 கொட்டையை எடுத்து வைத்தான். அம்மா உடனே சீட்டைக் கவிழ்த்தாள். நானும் என் மனைவியும் ஒதுங்கினோம். அவன் ஏஸ் ஜோடியைத் திருப்பிக் காட்டி, "பார்த்தீர்களா அத்தான், என் ராசியை!" என்றான். கிடைத்தது 3 கொட்டை.

"ராசி இல்லை, தம்பி" என்றாள் அம்மா. "உசந்த சீட்டு வந்தால் நீ பன்னிரண்டு வைக்கிறாய். சுமாராக இருந்தால் ஆறு. ஒன்றுமில்லாவிட்டால் நாலு. பன்னிரண்டு என்றால் நான் எதற்கு வர வேண்டும்? நாலு என்றால் எதற்கு வராமல் இருக்க வேண்டும்?"

அவன் பதில் சொல்லவில்லை. முன்னால் இருந்த கொட்டைகளைக் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு, "போனிலும் இப்படித்தான் ஆடினேன், அத்தை" என்றான். "அங்கே இருந்தவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது."

அம்மா கண்டுபிடித்ததைக் கணித மேதைகள் வேறு பாஷையில் சொல்லியிருக்கிறார்கள். ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நாய்மன் என்பவர் 1928-ல் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கணித ஆராய்ச்சி எழுதினார். 1944-ல் மார்கென்ஸ்டர்ன் என்ற பொருளாதார நிபுணரோடு சேர்ந்து அதை ஒரு பெரும் புத்தகமாக்கினார். அதில் போக்கருக்கென்றே ஒரு பகுதி. வலுவான சீட்டுக்கு மட்டும் பெரிய பந்தயம் வைக்கிறவனுடைய பந்தயத்துக்கு யாரும் ஈடு கொடுக்கமாட்டார்கள். ஆகவே சில மட்டமான சீட்டுக்கும் அதே பந்தயத்தை வைத்தே ஆகவேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 2017-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் 'லிப்ராடஸ்' என்ற கம்ப்யூட்டர் நாலு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 கைகள் ஆடி ஜெயித்தது. சில வேளைகளில் அது பிரமிக்கத்தக்க பெரிய தொகைகளைக் கேட்டது. ஆனால் உயர்ந்த சீட்டுக்கும் மட்டமான சீட்டுக்கும் கலந்து கேட்டதால், தொகையைப் பார்த்து அதன் கையை யாராலும் படிக்க முடியவில்லை.

இத்துடன் முடித்தால் கதை சுபம். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது மைத்துனனின் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. "அத்தான், இப்போது தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. இனிமேல் சரியாக ஆடினால் விட்டதை எல்லாம் பிடித்துவிடலாம்" என்றான். என் மனைவி கரண்டியை அப்படியே பாத்திரத்தில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வைக்குப் பதிலாகத்தான் மறுநாள் அவனுக்கு இன்னொரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பணம் வைத்து ஆடுகிற இடங்களில் மேஜைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆடுவதில்லை, ஆகவே தோற்பதும் இல்லை. ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஃபிளாப் விழுவதற்குள் ஆட்டம் முடிந்தால் பல இடங்களில் அந்தப் பங்கை எடுப்பதில்லை. ஃபிளாப்புக்கு முன் கொஞ்சம் தாராளமாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.) ஒன்பது பேரும் என் மைத்துனனைப் போலவே பாடம் கற்றுக்கொண்டு, ஒரே மாதிரி சாமர்த்தியமாக ஆடுகிறார்கள் என்று வையுங்கள். முடிவில் ஒன்பது பேருக்கும் நஷ்டம். மேஜைக்காரருக்கு மட்டும் லாபம். முதல் தொகையைச் சரியாகக் கேட்பது ஓட்டைக் குடத்தில் ஓர் ஓட்டையை அடைப்பது மாதிரி. மற்ற ஓட்டைகள் எத்தனை என்று எதிராளிக்குத்தான் தெரியும்!

போக்கர் சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா என்று கோர்ட்டுகளும் வாதித்திருக்கின்றன. தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் இயற்றிய சட்டம் இன்டர்நெட்டில் ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. அவை சாமர்த்திய ஆட்டங்களே என்று சொல்லிச் சென்னை ஐகோர்ட்டு 2023 நவம்பரில் அந்தப் பகுதியை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் டில்லிப் பார்லிமெண்டு, சாமர்த்தியமானாலும் சரி, அதிர்ஷ்டமானாலும் சரி, இன்டர்நெட்டில் பணம் கட்டி ஆடுவதே கூடாது என்று சட்டம் செய்தது. சாமர்த்தியம்தான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பயம். வெறும் அதிர்ஷ்டமானால் என் மைத்துனன் சில நாளாவது ஜெயித்திருப்பான். சாமர்த்தியமாக இருந்ததால்தான், சாமர்த்தியம் உள்ளவர்கள் அவன் பணத்தை ஒழுங்காக வாங்கிக்கொண்டு போனார்கள்.

கணக்கை அவன் இரண்டு தடவை சரி பார்த்தான். போனில் ஆடுவதை அன்றோடு விட்டுவிட்டான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு மாதம் ஆயிற்று. இப்போது மாதா மாதம் சம்பளத்தில் ஒரு தொகை அக்காவுக்கு வருகிறது. ஒரு வளையல் திரும்பிவிட்டது. மற்றொன்றுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி.

லீவில் வரும்போதெல்லாம் புளியங்கொட்டை டப்பாவைத் தேடி எடுக்கிறவன் அவன்தான். எந்தச் சீட்டு வந்தாலும் 5 கொட்டைதான் வைக்கிறான். அம்மாவுக்கு அதில் பெரிய குறை.

"முன்னெல்லாம் தம்பி ஆடினால் எவ்வளவு நன்றாக இருந்தது! இப்போது என்ன சீட்டு வைத்திருக்கிறான் என்றே தெரியமாட்டேன் என்கிறதே!" என்று அலுத்துக்கொள்கிறாள்.